கெனுவா தோப்பில் செய்யக்கூடாதவை

பெருவில் கஸ்கோவுக்கு அப்பால் ஆப்ரா மலகா கணவாய்ப் பக்கம் பறவை பார்க்க வருகிற நம்மவர்கள், முதல் பயணத்தில் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். தேடி வருவது சாம்பல் மார்பு டிட்-டைரன்ட். ஒரு சாணுக்கும் குறைவான பறவை, தலையில் இரண்டாகப் பிளந்த கொண்டை. பெருவிலும் பொலிவியாவிலும் மட்டுமே, கெனுவா என்கிற மலை மரத் தோப்புகளில் வாழ்கிறது. அழியும் ஆபத்தில் இருக்கிறது. கையுறை, தண்ணீர் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள்.

பெயரை நம்புவது

டைரன்ட்களை ஆங்கிலத்தில் 'டைரன்ட் ஃப்ளைகேட்சர்', அதாவது ஈப்பிடிப்பான் வகை என்பார்கள். அதைக் கேட்டதும், நம்மூர் ஈப்பிடிப்பான் மாதிரி கிளை நுனியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும் என்று நினைத்துவிடுகிறோம். இது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய டைரன்ட் குடும்பம். 400 இனங்களுக்கு மேல் உண்டு, பழக்கமும் பலவிதம். இந்தப் பறவை இலைக்கொத்தில் பூச்சி பொறுக்கும். மர உச்சியையும் ஓரத்து இலைகளையும் பாருங்கள்.

உயரம்

கஸ்கோவில் இறங்கிய மறுநாளே 4,300 மீட்டரில் இருக்கும் கணவாய்க்கு ஏறாதீர்கள்.

குரல் பதிவைப் போட்டு அழைப்பது

இதற்குத்தான் இன்னும் கோபம் வருகிறது. முதல் முறை நானும் ஸ்பீக்கரோடுதான் போனேன். போட்ட அரை நிமிடத்தில் பறவை வந்துவிட்டது. கொண்டையை நிமிர்த்திக்கொண்டு என் தலைக்கு மேலேயே கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது. கால் மணி நேரம் விடாமல் படம் எடுத்தேன். இரவு அறையில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு படத்தில்கூட அதன் அலகில் பூச்சி இல்லை. உறைபனி இறங்கிய காலையில், அது இரை தேட வேண்டிய நேரத்தை நான் தின்றிருக்கிறேன்.

கெனுவா என்பது பாலிலெபிஸ் மரம். ரோஜா குடும்பம், செம்பழுப்புப் பட்டை காகிதம் போல அடுக்கடுக்காக உரியும். மெதுவாக வளரும். விறகுக்கு வெட்டியதிலும், மேய்ச்சலுக்குப் புல்லைக் கொளுத்தியதிலும் காடு துண்டு துண்டாகிவிட்டது. நான் நின்ற தோப்பைப் பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடலாம். வெளியே வெறும் புல்லும் பாறையும். அங்கே வாழும் பறவை ஜோடி தொல்லை தாங்காமல் விலகிப் போக இன்னொரு தோப்பு பக்கத்தில் இல்லை. நாம் போன பிறகு அடுத்த குழு வந்து அதே குரலைப் போடும்.

போன முறை என்னோடு வந்த தம்பி ஒருவர், "அண்ணா, ஒரே ஒரு தடவை" என்று செல்பேசியை எடுத்தார். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். தோப்பின் ஓரத்தில், வெயில் முதலில் விழும் இடத்தில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து பல இனப் பறவைகள் கலந்த ஒரு கூட்டம் இரை தேடிக்கொண்டு வந்தது, அதோடு இதுவும். இந்த முறை அலகில் பச்சைப் புழு.

பட்டையை உரித்துப் பார்ப்பது

வேண்டாம்.

கொண்டையைப் பார்த்ததும் பட்டியலில் குறிப்பது

கீழே புதர்களில் இன்னொரு டிட்-டைரன்ட் உண்டு. அதன் கொண்டை மெல்லிசு, முன்பக்கம் சுருண்டிருக்கும். மார்பில் கருங்கோடுகள் அழுத்தமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் கண்ணைப் பாருங்கள். வெளிறியிருந்தால், நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.