டொமைன் பெயரைத் தேடினாலே பறிபோய்விடுமா? பதறாமல் தேடி, கையோடு வாங்கும் முறை

"அண்ணே, இருக்கான்னு சும்மா தேடிப் பார்த்தாலே வேற யாரோ பதிஞ்சிர்றாங்களாமே?" கருவாடு, கருப்பட்டி, தொதல், சங்குப் பொருள் என்று எதையாவது இணையத்தில் விற்க நினைக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் டொமைன் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) வாங்குவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விலையைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

தேடியதால் மட்டும் பெயர் போவது அபூர்வம். தேடிவிட்டு, "அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று விட்டுவைத்துப் போவதுதான் அதிகம். இருந்தாலும் இந்தப் பயத்தை வெறும் புரளி என்று ஒதுக்க முடியாது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

பயம் எங்கிருந்து வந்தது

டொமைன் விற்கும் கடைக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். 2008 ஜனவரியில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற பெரிய அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் ஒரு வேலை செய்தது. அதன் தளத்தில் யாராவது ஒரு பெயரைத் தேடிவிட்டு வாங்காமல் போனால், அந்தப் பெயரை நான்கு நாட்களுக்குத் தானே பிடித்து வைத்துக்கொண்டது. அந்த நான்கு நாளும் வேறு எங்கேயும் அதை வாங்க முடியாது. அவர்களிடமே சுமார் 35 டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மற்ற இடங்களில் 10 டாலர் அளவில் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாடிக்கையாளரின் நன்மைக்காகத்தான் என்று விளக்கம் வேறு சொன்னார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது.

இது கட்டுப்படியானதற்குக் காரணம் ஒரு சலுகை. புதிதாகப் பதிந்த பெயரை 5 நாட்களுக்குள் ரத்து செய்தால் ரெஜிஸ்ட்ராருக்குப் பணம் திரும்பிவிடும். எழுத்துப் பிழையோடு பதிந்துவிட்டால் திருத்திக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. சிலர் அதை வைத்தே பிழைத்தார்கள். பெயர்களை மூட்டை மூட்டையாகப் பதிவது, விளம்பரம் ஓட்டிப் பார்ப்பது, காசு வராததை ஐந்தாம் நாளுக்குள் திருப்பிவிடுவது. டொமைன் டேஸ்டிங் என்றார்கள். டொமைன் உலகத்துக்கே விதிமுறை வகுக்கும் ஐகேன், 2008 நடுவில் மடியில் கை வைத்தது. அளவுக்கு மேல் ரத்து செய்தால் கட்டணம் திரும்பாது என்று ஆனது. 2009 ஏப்ரலுக்குள் அப்படி ரத்தாகும் பெயர்கள் 99.7 சதவீதம் குறைந்துவிட்டன.

தேடலை உளவு பார்த்துப் பதிகிறார்கள் என்ற புகார்களையும் ஐகேனின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அந்தச் சமயத்தில் வாங்கி ஆராய்ந்தது. இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லும்படி ஆதாரம் சிக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? டாட் காம் பெயர் ஒன்றுக்கு ரெஜிஸ்ட்ரார் கொடுக்க வேண்டிய மொத்த வியாபார விலையே 10 டாலருக்கு மேல். நீங்கள் தேடினீர்கள் என்பதற்காக, பாம்பனில் கருவாடு விற்கும் கடையின் பெயர் மேல் அந்தக் காசைப் போட்டுக் காத்திருக்க எவனுக்கும் மனசு வராது. பொதுச் சொல்லாக, சின்னதாக, உலகத்தில் யாருக்கும் பயன்படும்படி இருக்கும் பெயர்தான் ஆபத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பெயர் நீங்கள் தேடாவிட்டாலும் நிலைக்காது.

இன்னொன்று, தற்செயல். டாட் காமில் மட்டும் 15 கோடிக்கு மேல் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, 2025 ஏப்ரல் 6-ல் பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். அந்த வாரங்களில் 'முண்டு', 'பாம்பன்' என்று வரும் பெயர் உங்களுக்கு மட்டுமா தோன்றியிருக்கும்?

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

தேடல் பெட்டியைத் தொடும் முன் ஐந்தாறு பெயர்களை எழுதி, பிடித்த வரிசையில் நம்பர் போடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நம்ம ஊர்ப் பெயர்களில் பாதித் தலைவலி அங்கேதான் இருக்கிறது. கீழக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கீ'-க்கு இரண்டு ஈ போடலாம், ஒரு ஐ-யோடும் விடலாம். 'ழ'-வுக்கு இசட் ஹெச் போடுபவர் உண்டு, வெறும் எல் போடுபவரும் உண்டு. 'க்க'-வுக்கு ஒரு கே அல்லது இரண்டு. ஆக, ஒரே ஊருக்கு எட்டு விதம். போனில் கேட்டவர் எப்படி டைப் செய்வார் என்று வீட்டில் இரண்டு பேரிடம் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததையும் வாங்கி, அதை டைப் செய்பவரும் முதலாவது முகவரிக்கே வந்து சேரும்படி செய்யலாம்.

இந்தத் தாளை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். தேடல் பெட்டியைவிட அது ஆபத்து.

2. கணக்கையும் பணத்தையும் தயார் செய்யுங்கள்

ஐகேன் அங்கீகாரம் பெற்ற ஒரு ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுத்து (டாட் இன் வேண்டுமென்றால், அதை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் அங்கீகாரமும் பார்க்க வேண்டும்) கணக்குத் தொடங்கி, மின்னஞ்சலை உறுதி செய்து, யுபிஐ அல்லது கார்டு வேலை செய்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை இன்னும் தேட வேண்டாம். முதல் வருட விலையை நம்பி மயங்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். முதல் வருடம் தள்ளுபடி போட்டு, இரண்டாம் வருடம் சேர்த்து வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம்.

3. எங்கே தேடுவது

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு ஐகேனின் சொந்தத் தேடல் பக்கம்: லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க். டாட் இன் பெயருக்கு நிக்ஸியின் ரெஜிஸ்ட்ரி டாட் இன். இந்த இரண்டுமே உங்களிடம் பெயர் விற்கும் கடைகள் அல்ல என்பதுதான் வசதி. முன்பு ஹூயிஸ் என்ற முறையில் இந்தத் தகவல் வந்தது. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்றவற்றுக்கு ஆர்டாப் என்ற புது முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

பெயர் பதிவாகியிருந்தால் யார் ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் பதிந்தது, எப்போது காலாவதி என்ற விவரம் வரும். அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பதிவில் இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால் பெரும்பாலும் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் டாட் காம், டாட் இன் போன்ற பின்னொட்டுகள் சிலவற்றில் பெயர்களை விற்காமல் ஒதுக்கியும் வைத்திருப்பார்கள், சிலவற்றுக்குக் கூடுதல் விலையும் வைத்திருப்பார்கள்.

பிரவுசரில் முகவரியை அடித்து, தளம் திறக்கவில்லை, அதனால் பெயர் காலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயரை வாங்கி வைத்துத் தளம் போடாதவர்கள் ஏராளம். இலவசமாகப் பெயர் யோசித்துத் தருகிறோம் என்கிற ஊர்பேர் தெரியாத தளங்களையும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் தேடல்களை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வழியில்லை.

4. உட்கார்ந்த இடத்திலேயே வாங்குங்கள்

காலி என்று தெரிந்ததும் அப்போதே ரெஜிஸ்ட்ரார் தளத்துக்குப் போய் வாங்கிவிடுங்கள். ஏலக்கூடத்தில் சீலா மீனுக்கு விலை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வந்து மீனைக் காணோம் என்று சண்டை போட முடியாது. ஒரு பெயரைப் பத்துத் தளங்களில் விலை ஒப்பிடுவதற்காகத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. விலைப்பட்டியலைப் பார்க்க உங்கள் பெயர் எதற்கு?

கூடையில் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), மெயில், பாதுகாப்பு என்று அவர்களாகவே சேர்த்திருப்பதை டிக் எடுத்துவிடுங்கள். பணம் கட்டியபின் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். டாட் காம் போன்றவற்றில் அதை 15 நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் டொமைன் முடங்கக்கூடும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

5. யார் பெயரில் பதிவாகிறது?

தேடியதால் பெயர் போனது என்று என்னிடம் வந்தவர்களைவிட, பெயர் தன் கையில் இல்லாததால் திண்டாடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தங்கச்சி மகன் வாங்கிக் கொடுத்தான், டிசைன் செய்த தம்பி தன் மெயிலிலேயே போட்டார் என்பார்கள். அந்தத் தம்பி வளைகுடாவுக்குப் போய்விடுவார், பழைய நம்பர் செத்துப்போயிருக்கும், காலாவதி நினைவூட்டல் யாரும் திறக்காத இன்பாக்ஸில் கிடக்கும். உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், போன் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். யார் வாங்கித் தந்தாலும், உங்கள் முன்னால், உங்கள் கணக்கில் வாங்கச் சொல்லுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஆட்டோ ரினியூவைப் போட்டுவிடுங்கள்.

பெயர் போயேவிட்டால்

மேலே சொன்ன தேடல் பக்கத்தில் அதன் பதிவுத் தேதியைப் பாருங்கள். நீங்கள் தேடுவதற்கு முந்தைய தேதி என்றால் யாரையும் சந்தேகிக்க வேண்டாம், எழுத்துக்கூட்டல் மாற்றி முன்பு தேடியிருப்பீர்கள். அன்றே பதிவாகியிருந்தால் ஒரு வாரம் சும்மா இருங்கள். ஐந்து நாள் சலுகை இன்னும் இருப்பதால் எப்போதாவது பெயர் திரும்பி வரும். அதற்குள் "என்ன விலைக்குத் தருவீர்கள்" என்று மெயில் அனுப்பினால் பதிந்தவருக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

பழைய பதிவு, காலாவதி நெருங்குகிறது என்றால் மறுநாளே கிடைத்துவிடாது. டாட் காமில் காலாவதிக்குப் பிறகு ரெஜிஸ்ட்ரார் 45 நாள் வரை வைத்திருக்கலாம், அதன்பின் 30 நாள் மீட்பு அவகாசம், கடைசியாக 5 நாள் நீக்கக் காத்திருப்பு. உங்கள் பெயர் பதிவு செய்த வணிக முத்திரையாக இருந்து, கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பிடித்து வைத்திருந்தால், டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று புகார் வழிகள் உண்டு. செலவு பிடிக்கும். புதிதாகக் கடை தொடங்குபவர், தாளில் இரண்டாவதாக எழுதிய பெயரை அன்றைக்கே வாங்கிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கலாம்.