கணையப் புற்றுநோயும் வீட்டுப் பத்தியமும்: உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மாவுக்குக் கண் மஞ்சளித்ததும் எங்கள் வீட்டில் எண்ணெய் நின்றது, உப்பு குறைந்தது, காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கத் தொடங்கினோம். மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருப்பதும், அது பித்தக்குழாயை அழுத்தி அடைத்ததனாலேயே மஞ்சள் ஏறியது என்பதும் தெரியவந்தன. அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்டை வைத்த பின் மஞ்சள் இறங்கியது. ஆனால் வீட்டில் பத்தியம் மட்டும் தொடர்ந்தது. எட்டு கிலோ எடை குறைந்த பிறகுதான், ஓர் உணவியல் நிபுணர் எங்களை உட்காரவைத்து, நோயாளிக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த உணவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தவை இன்னும் பல வீடுகளில் தெரியாமல் இருப்பதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கணையத்தின் வேலையைப் புரிந்துகொள்வது நல்லது. நாம் உண்ணும் கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் என்சைம்களைச் சுரந்து, ஒரு சிறு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் ஒரு வேலை. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினையும், அது தாழும்போது உயர்த்தும் குளுக்ககானையும் இரத்தத்தில் சேர்த்துச் சர்க்கரையைச் சீராக வைத்திருப்பது மற்றொன்று. கட்டி அந்தக் குழாயை அடைத்தாலோ, அறுவை சிகிச்சையில் கணையத்தின் ஒரு பகுதி நீக்கப்பட்டாலோ, என்சைம் போதுமான அளவு குடலுக்கு வந்து சேராது. அப்போது நோயாளி சாப்பிட்டது வேறு, உடம்பில் சேர்ந்தது வேறு என்றாகிவிடுகிறது. மற்ற புற்றுநோய்களுக்கு எழுதப்பட்ட உணவுக் குறிப்புகளை அப்படியே இதற்கும் பின்பற்றுவது ஏன் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் வீட்டின் பெருந்தவறு கஞ்சி. இரண்டு மேசைக்கரண்டி நொய்யில், அதாவது சுமார் 20 கிராம் அரிசியில், ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சினால் அதில் இருப்பது 70 கலோரியும் ஒன்றரை கிராம் புரதமும்தான். நாள் முழுவதும் நான்கு டம்ளர் கொடுத்தாலும் 280 கலோரியைத் தாண்டாது. புற்றுநோயாளிக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்குக் குறையாத புரதமும், முடிந்தால் ஒன்றரை கிராம் வரையும் தேவை என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம் என்று கணக்கு வருகிறது. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று நாங்கள் அன்போடு கொடுத்தது, தேவையில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை.

கஞ்சியை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்க்கும் தொண்டைக்கும் அதுதான் இறங்குகிறது என்றால் அதையே கனமாக்கலாம். 30 கிராம் பாசிப்பருப்பை வறுத்துச் சேர்த்து வேகவைத்தால் 7 கிராம் புரதம் கூடுகிறது. இரண்டு கரண்டி பால்பவுடர் மேலும் 4 கிராம் தரும், ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி தரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. மீன் குழம்பில் வெந்த மீன், பனீர், நன்றாகக் குழைந்த பருப்பு சாதம், கெட்டித் தயிர் என்று சிறிய அளவில் அதிகச் சத்து தருபவற்றையே முதலில் வைக்க வேண்டும். சூப்பும் இளநீரும் ரசமும் வயிற்றை நிரப்பிவிட்டுச் சத்தைத் தராமல் போவதால், அவற்றைச் சாப்பாட்டுக்கு முன்பாகக் கொடுப்பது நல்லதல்ல. இந்நோயில் இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியதுபோல் இருக்கும். ஆகவே மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து, பெரிய தட்டுக்குப் பதிலாகச் சிறு கிண்ணத்தில் கொடுப்பது பலருக்கு உதவுகிறது.

அடுத்தது எண்ணெய். மலம் வெளுத்து, பளபளப்பாக, கடுமையான நாற்றத்துடன் போகிறது, தண்ணீரில் மிதக்கிறது, நீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொள்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்றால், அது செரிக்காத கொழுப்பு வெளியேறுவதன் அடையாளம். இதைக் கண்டதும் எண்ணெயையும் நெய்யையும் அடியோடு நிறுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. மலம் சற்றுச் சரியானதுபோல் தோன்றும். எடையோ இன்னும் வேகமாகக் குறையும், ஏனென்றால் சிறிய அளவில் அதிகக் கலோரி தரும் ஒரே பொருளை நாம் நிறுத்திவிட்டோம். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உடலில் சேராமல் போகும். குறையாக இருப்பது என்சைம். அதைத்தான் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் மலம் இப்படி மாறும் என்பதும் இல்லை. சிலருக்கு வாயு, வயிற்று உப்புசம், சாப்பிட்டும் எடை குறைதல் ஆகியவை மட்டுமே இருக்கும். வீட்டில் மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோம். ஆனாலும் மருத்துவரிடம் இதை விவரமாகச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

என்சைம் கேப்சூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, அறுவை சிகிச்சை செய்ய இயலாத கணையப் புற்றுநோயாளிகளுக்கு இதைத் தர வேண்டும் என்றும், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே உங்கள் உறவினரின் மருந்துச் சீட்டில் இது இல்லையென்றால், ஏன் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் அளவைக் கவனியுங்கள். ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட் லைப்பேஸ் (கொழுப்பை உடைக்கும் என்சைம்), சிற்றுண்டிக்கு 25,000 யூனிட் என்பது வழக்கமான தொடக்க அளவு. தேவைக்கேற்ப மருத்துவர் அதைக் கூட்டுவார். 10,000 யூனிட் கேப்சூல் வேளைக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள்.

கொடுக்கும் நேரத்தில்தான் மிக அதிகமாகத் தவறு நேர்கிறது. மருந்துக்கடை உறையில் சாப்பாட்டுக்குப் பின் என்று குறியிட்டுத் தருவதைப் பார்த்து, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கொடுக்கிறோம். இந்த என்சைம் உணவோடு கலந்து குடலுக்குப் போனால்தான் பயன். முதல் வாயோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவில் மற்றொன்று என்று கொடுக்க வேண்டும். கேப்சூலைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. சூடான காபியோடு விழுங்கினால் என்சைம் கெட்டுவிடும், சாதாரணத் தண்ணீரே போதும். விழுங்க முடியாதவர்களுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உள்ளிருக்கும் சிறு மணிகளை ஆப்பிள் கூழ் போன்ற புளிப்புள்ள மென்மையான உணவில் தூவி உடனே விழுங்கச் செய்யலாம். ஒரு டம்ளர் பால், சத்துமாவுக் கஞ்சி, சுண்டல், வடை ஆகியவையும் உணவுதான். அவற்றோடும் என்சைம் வேண்டும். வெறும் பழத்துக்கும் பால் கலக்காத தேநீருக்கும் தேவையில்லை. வெயில் காலத்தில் கேப்சூல் அட்டையைச் சமையலறை மேடையிலும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவ உணவுக்காரர்களும் முஸ்லிம்களும் இடையில் இதைக் கேள்விப்பட்டு, மருத்துவரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுவதுண்டு. தொடக்கத்திலேயே நோயாளியிடம் உண்மையைச் சொல்லி, வேண்டுமானால் தாம் மதிக்கும் சமயப் பெரியவரிடம் கேட்கவைத்து, முடிவை நோயாளியே எடுக்கும்படி விடுவதுதான் மரியாதை. கடைகளில் கிடைக்கும் சாதாரணச் செரிமான சிரப்புகள் இதற்கு ஈடாகா. அவற்றில் கொழுப்பை உடைக்கப் போதிய லைப்பேஸ் இருப்பதில்லை.

இனி, சர்க்கரை. புற்றுநோய்க்குச் சர்க்கரைதான் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்ற செய்தி வராத கைபேசி இல்லை. புற்று உயிரணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன என்று ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 1920களில் கண்டது உண்மை. ஆனால் சோற்றையும் இட்லியையும் நிறுத்தினால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். கட்டிக்குக் கிடைப்பது கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், தேய்வது நோயாளிதான். அதே சமயம், கணையம் பழுதானதால் பலருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்து வருகிறது. இருபது ஆண்டாகச் சர்க்கரை நோயோடு வாழ்ந்தவருக்குச் சொல்லப்பட்ட கட்டுப்பாடுகளை இவர்கள்மீது சுமத்தக் கூடாது. குளுக்ககானும் குறைந்திருப்பதால் இவர்களுக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் ஆபத்து அதிகம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் போனாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் வருகிறதா என்று பார்த்து உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். என்சைம் சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் உணவு நன்றாகச் சேர்ந்து சர்க்கரை சற்று ஏறலாம். அப்போது உணவைக் குறைக்காமல் மருந்தை மாற்றும்படி மருத்துவரிடம் கேட்பதே சரி.

உறவினர்கள் கொண்டுவரும் மூலிகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொண்டுவருபவர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் முள் சீத்தாப் பழமும் அதன் இலைக் கஷாயமும் மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. அதிலுள்ள அனோனசின் என்ற பொருள் நரம்புக்கு நஞ்சானது. பாதாம்பருப்பைப் போலிருக்கும் கசப்பு ஆப்ரிகாட் விதைகளை வைட்டமின் பி17 என்ற பெயரில் விற்கிறார்கள். அவை வயிற்றில் சயனைடை வெளிவிடுபவை. குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை, ஆனால் செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கல்லீரலும் பித்தக்குழாயும் துன்பப்பட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

கீமோ நாட்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரும் ஐஸ்கிரீமும் தொண்டையை இறுக்குவதுபோன்ற உணர்வையும் கைவிரல் கூச்சத்தையும் உண்டாக்கும். எல்லாவற்றையும் வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பழைய சோறு, வெளியில் வாங்கிய சட்னி, கடைச் சாறு, அரைவேக்காட்டு முட்டை ஆகியவற்றைத் தவிர்த்து, அன்றன்று சமைத்ததைச் சூட்டோடு பரிமாறுவது நல்லது.

எந்த மாற்றத்தை உணவால் சரிசெய்யப் பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, மஞ்சளும் அரிப்பும் திரும்பினால் ஸ்டென்ட் அடைத்திருக்கக்கூடும். அதோடு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் பித்தக்குழாயில் கிருமி தொற்றியிருக்கலாம். கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் உண்டதை மாலையில் அப்படியே வாந்தி எடுத்தால் சிறுகுடலின் தொடக்கப்பகுதி அடைபட்டிருக்கலாம். அதைச் செரியாமை என்று எண்ணி ஓமநீர் கொடுத்து நாட்களைக் கழிப்பது தவறு. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள்; வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் எடை கூடியதுபோல் தோன்றும் என்பதால், கைகளும் தோள்களும் மெலிகின்றனவா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு கட்டத்தில் எடை குறைந்துகொண்டே போகலாம். நோய் தானே தசையைக் கரைக்கிறது. அதற்கு நீங்கள் சமைத்ததில் குறை இல்லை, சாப்பிடாத நோயாளியின் பிடிவாதமும் காரணமில்லை. இதை அறியாமல், இன்னும் ஒரு வாய் என்று எங்கள் அண்ணன் பெரியம்மாவிடம் கெஞ்சியதும் கோபித்துக்கொண்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இன்றும் எனக்கு வலிக்கிறது. நோய் முற்றி உடல் உணவைக் கேட்காமல் விடும் வாரங்களில் வற்புறுத்தி ஊட்டினால் வாந்தியும் புரையேறுதலுமே மிஞ்சும். அந்த நிலையை எட்டியிருக்கிறாரா என்று மருத்துவரிடமோ வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவிடமோ வெளிப்படையாகக் கேளுங்கள். எட்டிவிட்டார் என்றால், சர்க்கரைக்காக விரலைக் குத்துவதைக் குறைக்கலாமா, ஓரிரு வாய் மட்டுமே உண்பவருக்கு என்சைம் கேப்சூல் இன்னும் தேவையா, எந்த மாத்திரைகளை நிறுத்தலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அவர் கேட்பதை, கேட்கும் நேரத்தில், கேட்கும் அளவுக்குக் கொடுங்கள். வாய் உலர்ந்திருந்தால் சுத்தமான பஞ்சை நீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரப்படுத்துங்கள்.