பாப் பாடகர்கள் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமே பாடல் எழுதித் தாமே பாடும் பாப் கலைஞரின் தொழில் வாழ்க்கை சறுக்கும்போது மெட்டையும் குரலையும் குறை சொல்வது வழக்கம். ஒரு மெட்டு எடுபடாவிட்டால் அடுத்த மெட்டு இருக்கிறது. ஆனால், தம் பாடல் என்ன விலை போகும் என்று யாருக்குமே தெரியாத நாட்களில் போட்ட கையெழுத்தை, அந்த விலை தெரிந்த பிறகு அழிக்க முடியாது. பெரும் சேதம் விளைவித்த தவறுகளில் பல அங்கேதான் தொடங்கியிருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, ஒரு பாடலுக்குள் இரண்டு சொத்துகள் இருப்பதை அறியாமலே பேரம் பேச உட்காருவது. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் ஒலிப்பதிவு மற்றொரு சொத்து. இரண்டுக்கும் பதிப்புரிமை தனி, வருமானம் தனி, ஒப்பந்தமும் தனி. டெய்லர் ஸ்விஃப்ட் 15 வயதில் ஓர் இசை நிறுவனத்தில் சேர்ந்தபோது மாஸ்டர் உரிமை அந்த நிறுவனத்திடம் போனது. 2019-ல் நிறுவனமே கைமாற, அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் ஒலிப்பதிவுகளும் அதனோடு கைமாறின. இருந்தும் 2021 முதல் அந்தப் பாடல்களை அவரால் மறுபடியும் பாடிப் பதிவு செய்து வெளியிட முடிந்தது. பாடல்களை எழுதியவர் என்ற உரிமை அவரிடம் இருந்ததும், மறுபதிவுக்கு ஒப்பந்தம் விதித்திருந்த தடைக்காலம் முடிந்திருந்ததுமே காரணம். பழைய மாஸ்டர்களை அவர் விலைகொடுத்து மீட்டது 2025-ல்தான். அவ்வளவு செல்வாக்குள்ளவருக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், புதியவர் ஒருவர் உரிமை எத்தனை ஆண்டுகளுக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது, மறுபதிவுத் தடை எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் கையெழுத்திடுவது பெரிய துணிச்சல்.

முன்பணத்தைச் சம்பாத்தியமாக நினைத்துச் செலவிடுவது அடுத்த தவறு. முன்பணம் என்பது நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பாடகரின் ராயல்டியிலிருந்து, அதாவது வசூலில் அவருக்குரிய பங்கிலிருந்து, பிடித்துக்கொள்ளும் தொகை. அது கழிவது மொத்த வசூலிலிருந்து அல்ல, அவருடைய பங்கிலிருந்து மட்டும். ராயல்டி 20 விழுக்காடு, முன்பணம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பாடல் 5,00,000 டாலர் ஈட்டிய பிறகே அவர் கணக்கு நேராகும். அதற்குள் நிறுவனம் தன் பங்கை முதல் டாலரிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவுச் செலவும், பல ஒப்பந்தங்களில் காணொளிச் செலவின் ஒரு பகுதியும் அதே கணக்கில் ஏறும். அமெரிக்காவில் டிஎல்சி என்ற பாடகியர் குழுவினர், பின்னர் ஒரு கோடிப் பிரதிகளைக் கடந்த ஆல்பத்தின் வெற்றி உச்சத்தில் இருந்த 1995-ல் திவால் மனு கொடுத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கலாம். இந்தக் கணக்கு முறையைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. எழுத்தாளருக்கான ராயல்டியையும் ஒலிப்பதிவுக் கடனில் கழித்துக்கொள்ள இடம் தரும் பிரிவு ஒப்பந்தத்தில் எங்கேனும் ஒளிந்திருந்தால், அதை நீக்கச் சொல்வதற்காகவாவது ஒரு வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கலாம். நிறுவனமே ஏற்பாடு செய்யும் வழக்கறிஞரை நான் இதில் சேர்க்கவில்லை.

கூட்டாக எழுதும்போது பங்கைப் பேசாமல் விடுவது நட்பின் பெயரால் நடக்கும் தவறு. இன்று ஒரு பாப் பாடலுக்கு நான்கைந்து பேர் எழுத்தாளர்களாக இருப்பது சாதாரணம். அமெரிக்கச் சட்டத்தில், எழுத்து உடன்பாடு இல்லாவிட்டால் கூட்டுப் படைப்பாளிகள் பொதுவாகச் சம பங்காளிகளாகவே கருதப்படுகிறார்கள். முழுப் பாடலையும் எழுதியவரும் ஒரு வரியைத் திருத்தியவரும் சமமாகப் பிரித்துக்கொள்ள நேரலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை அன்றைய அமர்வு முடியும் முன்பே ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பிறர் இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்து சாம்பிளாகப் பயன்படுத்துவதில் அரைகுறை அனுமதி போதாது. தி வெர்வ் என்ற பிரிட்டிஷ் குழு 1997-ல் தன் பாடல் ஒன்றில் அப்படி ஒரு துண்டை அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தியது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்று தகராறு வந்தபோது, அந்தப் பாடலின் எழுத்து உரிமையையே இழக்க நேர்ந்தது. வரிகளை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு அந்த உரிமை 2019-ல்தான் திரும்பியது. அனுமதியோடு அதன் எல்லையும் எழுத்தில் இருக்க வேண்டும். அறியாமல் ஒத்துப்போகும் மெட்டு வேறு வகைச் சிக்கல். 2022-ல் லண்டனில் திருட்டுக் குற்றச்சாட்டு வழக்கில் வென்ற எட் ஷீரன், தம் பாடல் எழுதும் அமர்வுகள் அனைத்தையும் இப்போது காணொளியாகப் பதிவு செய்வதாகச் சொன்னார். தேதியுடன் வரைவுகளைச் சேமித்து வைப்பதாவது எவருக்கும் இயலும்.

பாடலை வெளியிட்டுவிட்டு, உரிமத் தொகை வசூலிக்கும் சங்கங்களில் பதிவு செய்யாமல் விடுவது சோம்பலின் தவறு. அமெரிக்காவில் உரியவர் அடையாளம் தெரியாமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் தேங்கிக் கிடந்த ராயல்டி, 2021-ல் புதிதாக அமைந்த வசூல் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டபோது சுமார் 42 கோடி டாலர் இருந்தது. காசு கொடுத்துப் போலியாகக் கேட்பு எண்ணிக்கையை ஏற்றுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அப்பட்டமான போலிக் கேட்புகளுக்கு ஸ்பாடிஃபை 2024 முதல் அபராதமே விதிக்கிறது.

ஒப்பந்தத் தாள்களுக்கு வெளியேயும் ஒரு தவறு உண்டு. கரகரத்த குரலோடு மேடை ஏறுவதை அர்ப்பணிப்பு என்று புகழ்கிறார்கள். அப்போது குரல் நாண்களில் இரத்தக் கசிவு ஏற்படலாம். அடெல் 2011-ல் இந்தச் சிக்கலால் நிகழ்ச்சிகளை ரத்து செய்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2015-ல் சாம் ஸ்மித்துக்கும் அதே நிலை வந்தது. ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்தைக் கூட்டும். ஓய்வு நாட்களைச் சுற்றுப்பயணத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைக்காதவர்களுக்கு, டிக்கெட் விற்ற பிறகு அவை கிடைப்பதில்லை.

இறுதியாக, பணத்தின் மீது முழு அதிகாரத்தையும் ஒரே மேலாளரிடம் கொடுத்துவிட்டுக் கணக்கே பார்க்காமல் இருப்பது. கனடியப் பாடகர் லியனார்ட் கோஹனின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 50 லட்சம் டாலருக்கும் மேல் காணாமல் போயிருந்தது 2004-ல் தெரியவந்தது. மேலாளருக்கு எதிரான வழக்கில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதும் பணம் மீளவில்லை. 2008-ல், 73 வயதில் அவர் மீண்டும் சுற்றுப்பயணம் கிளம்பினார். மேலாளரும் கணக்காளரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் கலைஞரின் கையெழுத்தின்றிப் பணம் நகராமல் இருப்பதும் அடிப்படை ஏற்பாடுகள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யும் உரிமையையும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக் கெடுதான் உண்டு. அதற்குள் ஆட்சேபம் எழுப்பாவிட்டால், அறிக்கையில் உள்ள தொகையை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.