வேசலை எந்த மூலையில் நிறுத்துவது: ஃபேன்டஸி ஸ்ட்ராட்டஜி கேம்களில் குட்டி ஃபேக்ஷன்களைக் கையாளும் முறை

டோட்டல் வார்: வார்ஹேமர் போன்ற கேமில் புது கேம்ப்பெயின் தொடங்கியதும் எல்லோரும் தேடுவது பெரிய தலைகளைத்தான். ஆர்க்கயோன் எந்தப் பக்கம், டிரியான் எந்தப் பக்கம் என்று மேப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் தேடுவது அவர்களுக்கு நடுவே ஒன்றிரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு பயந்து பயந்து காலம் தள்ளும் மைனர் ஃபேக்ஷன்களை, அதாவது குட்டி அரசுகளை. தனியாக விட்டால் யாராவது ஒருவர் விழுங்கிவிடுவார். வேசலாக, அதாவது நமக்குக் கீழ்ப்பட்ட அரசாக, நம் பக்கம் இழுத்துக்கொண்டால் ஒரு முழு எல்லையையே அது பார்த்துக்கொள்ளும்.

முதலில் கப்பத்தைப் பற்றிய ஆசையை விடுங்கள். வேசல் என்றாலே மாதாமாதம் பணம் கொட்டும் என்று நினைத்துத்தான் பலர் பிடிக்கிறார்கள். கொஞ்சம் வரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முழுப் படையின் செலவை அது தாங்கியதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வேசலால் வரும் பெரிய லாபம் வேறு: அது நிற்கும் திசையில் நீங்கள் காவல் படை வைக்க வேண்டியதில்லை. ஆகவே யார் பலசாலி, யாரிடம் பணம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நான் தேடும் இடம் இப்படி இருக்கும். எனக்கும் அடுத்து சண்டைக்கு வரப்போகும் பெரிய ஃபேக்ஷனுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதன் ஊர்களுக்கு வரும் வழி ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. நாலு பக்கமும் திறந்த சமவெளியில் இருக்கும் வேசல் பத்து டர்ன் தாங்கினால் பெரிய விஷயம். மலையிடுக்கு, தீவின் முனை, கோட்டை வாசல், இவைதான் நல்ல இடங்கள்.

2022இல் வந்த டோட்டல் வார்: வார்ஹேமர் 3இன் உல்துவான் தீவு இதற்குச் சரியான பயிற்சிக் களம். வெளி வளையத்திலிருந்து உள் கடலோர நிலங்களுக்குள் நுழைய ஈகிள், கிரிஃபன், யூனிகார்ன், ஃபீனிக்ஸ் என்று நான்கு கேட்கள். அங்கே ஸ்லானேஷ் என்ற இருட்டுக் கடவுளின் படைத்தலைவன் என்காரியை எடுத்து ஆடும்போது எல்ஃப் ஃபேக்ஷன்கள் எல்லாவற்றையும் அடித்துப் பிடிக்கத் தோன்றும். நான் அப்படி ஆடுவதில்லை. ஸ்லானேஷுக்கு மட்டும் மயக்கும் செல்வாக்கு என்று ஒரு அளவுகோல் உண்டு. அது ஒரு ஃபேக்ஷனிடம் நிரம்பிவிட்டால், டிவோட்டீக்கள் என்ற பக்தர் கணக்கைச் செலவழித்து அதை வேசலாக்கிவிடலாம். அந்த கேம்ப்பெயினில் கிரிஃபன் கேட் எல்லிரியன் என்ற குட்டி எல்ஃப் ஃபேக்ஷன் கையில் இருந்தது. எல்லிரியனிடம் உருப்படியான படை கிடையாது. ஆனால் கேட்டின் மதிலும் காவலும் இருக்கிறதே! செல்வாக்கு நிரம்பும்வரை அதைத் தொடாமல், பக்கத்து ஊர்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். வேசலானதும் என் பெரிய படை அந்த வாசல் வழியாகத் தாராளமாகப் போய் வந்தது. எல்ஃப் தலைவன் டிரியானின் படை அதே வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் நான் தெற்கே வேறு வேலை பார்த்தேன்.

வேசலாக்குவதற்கு முன் டிப்ளமசி திரையில் ஒரு நிமிடம் செலவழியுங்கள். அந்த ஃபேக்ஷன் இப்போது யார் யாரோடு சண்டையில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் சண்டையெல்லாம் கொஞ்ச நாளில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். அதில் ஒருவர் உங்களோடு நல்ல வியாபாரம் செய்பவராக இருந்தால், இந்தச் சம்பந்தமே வேண்டாம். பக்கத்தில் இன்னொரு குட்டி ஃபேக்ஷன் கிடைக்காமலா போகும்? உங்கள் இனமே என்றால் இன்னொரு யோசனையும் உண்டு. வார்ஹேமரில் ஒரே இனத்து ஃபேக்ஷன்களை உறவு நன்றாக இருந்தால் கான்ஃபெடரேட் செய்து மொத்தமாக உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அதற்கு வாய்ப்பிருக்கும் இடத்தில் அவசரப்பட்டு வேசலாக்குவது எனக்குப் பிடிக்காது.

பிடித்தாகிவிட்டது. அப்புறம்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் மறந்துபோகிறார்கள். வேசல் செடி மாதிரி, நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் காய்ந்துவிடும். கடைசி ஊரும் கடைசிப் படையும் போனால் ஃபேக்ஷனே அழிந்துவிடும், நீங்கள் போட்டதெல்லாம் போச்சு. தொடக்கத்தில் ஒருமுறை கொஞ்சம் பணம் அனுப்புங்கள். கம்ப்யூட்டர் ஆடும் ஃபேக்ஷன் அதை வைத்துப் படை எடுக்கும். பிறகு போர் இலக்கைக் குறித்துக் கொடுங்கள். இலக்கு இல்லாவிட்டால் வேசலின் படை ஊரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்தால் நமக்குத்தான் ரத்தம் கொதிக்கும். இலக்கு கொடுத்தாலும் சொன்னதை அப்படியே செய்யும் என்று நம்பி ஒரு தாக்குதலைத் திட்டமிடாதீர்கள். வந்தால் லாபம், அவ்வளவுதான்.

வேசலுக்கு ஊர் கொடுப்பது இன்னும் நல்ல முதலீடு. வார்ஹேமர் 3இல் டிப்ளமசியிலேயே ஊர்களைக் கைமாற்றலாம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒத்துவரும் தட்பவெப்பம், ஒத்துவராத தட்பவெப்பம் என்று உண்டு அல்லவா? படையெடுப்பின் வழியில் ஒத்துவராத ஊர் ஒன்று கையில் சிக்கினால் அதை வைத்துக்கொண்டு அல்லாடாதீர்கள். அது யாருக்கு ஒத்துவருமோ அந்த வேசலின் தலையில் கட்டுங்கள். அவர்களுக்கு ஊர் சேரும், உங்களுக்குத் தலைவலி குறையும். எல்லை நேராகவும் இருக்கும். (நேரான எல்லை ஆட்டத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை. பார்க்க நன்றாக இருக்கும்.)

இதையே ஆட்டத்தின் அடிப்படையாக வைத்து ஆட ஆசைப்பட்டால் நக்காயை எடுங்கள். 2019இல் வார்ஹேமரின் இரண்டாம் பாகத்துக்கு வந்தவன், லிசர்ட்மேன் என்ற பல்லி மனிதர்களின் தலைவன். அவனுக்குச் சொந்த ஊரே கிடையாது. படை மட்டும்தான் நகர்ந்துகொண்டே இருக்கும். அவன் பிடிக்கும் ஊர்கள் டிஃபெண்டர்ஸ் ஆஃப் த கிரேட் பிளான் என்ற வேசலுக்குப் போகும். அவன் செய்வது, அந்த ஊரை எந்தப் பழங்கடவுளுக்குக் காணிக்கையாக்குவது என்று தேர்ந்தெடுப்பது. நக்காயை ஆடினால் வேசலின் பலவீனம் உடனே புரியும்: நீங்கள் முன்னால் பிடித்துக்கொண்டே போவீர்கள், பின்னால் அவர்கள் விட்டுக்கொண்டே வருவார்கள். அதனால் தூரம் தூரமாகப் பிடிக்காமல், ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்களாகப் பிடித்துப் போக வேண்டும். ஒரு மாகாணத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் கால் வைக்க வேண்டும்.

2023இல் வந்த ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4இல் கதை வேறு. அங்கே குட்டி ஃபேக்ஷன்கள் ஃப்ரீ சிட்டி என்ற பெயரில் மேப் எங்கும் சிதறிக் கிடக்கும். விஸ்பரிங் ஸ்டோனை ஒன்றில் வைத்தால் உறவு மெல்ல மெல்ல ஏறும். கல் கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்பதால் எங்கே வைப்பது என்பதுதான் முடிவு. பக்கத்தில் இருக்கும் ஊரிலேயே வைக்கத் தோன்றும். நான் முதலில் அந்த ஊரின் படை வகைகளைப் பார்ப்பேன், காரணம் ராலி ஆஃப் த லீஜஸ்.

ராலி என்பது வேசல்கள் அவ்வப்போது அனுப்பும் படைகளைப் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதி. உங்கள் கலாச்சாரத்தில் இல்லாத வகைகளும் அதில் வரும். யூனிட் என்சான்ட்மென்ட்கள் (படைக்குப் பலம் ஏற்றும் மந்திரங்கள்) படை வகையைப் பார்த்துப் பொருந்துகின்றன, இனத்தைப் பார்த்து அல்ல. வில்லாளிகளுக்கான என்சான்ட்மென்ட் உங்களிடம் இருந்தால், ராலியில் வரும் எல்ஃப் வில்லாளிக்கும் அது கிடைக்கும். இனத்தையே மாற்றும் டிரான்ஸ்ஃபர்மேஷன்கள் அப்படியல்ல, அவை அந்தந்த இனத்தோடு நின்றுவிடும். ஆகவே என்சான்ட்மென்ட் நிறைய எடுக்கும் ஆட்டக்காரருக்கு ஃப்ரீ சிட்டிகள் தங்கச் சுரங்கம். டிரான்ஸ்ஃபர்மேஷனை நம்பி ஆடுபவருக்கு அந்த அளவு இல்லை.

இன்னொன்று, சிட்டி கேப். உங்கள் ஊர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, அதை உயர்த்த இம்பீரியம் என்ற ஆட்சிப் புள்ளிகளைக் கொடுக்க வேண்டும். வேசல் அந்தக் கணக்கில் வராது. முற்றுகையில் ஒரு ஊர் விழுந்ததும் என்ன செய்வது என்று கேட்கும்போது, வரம்பு நிரம்பியிருந்தால் வேசலாக விடுவதைத் தேர்ந்தெடுங்கள். இடித்துத் தள்ளுவது வயிற்றெரிச்சலுக்குத்தான் நல்லது.

எண்ட்லெஸ் லெஜண்டை ஆடாதவர்கள் இன்னும் நிறையப் பேர். 2014இல் வந்த கேம்தான், ஆனால் மைனர் ஃபேக்ஷன்களை இதைவிட அழகாகக் கையாண்ட கேமை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஒரு இனத்தின் கிராமங்கள் இருக்கும். கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து படைகள் கிளம்பி வந்து தொல்லை கொடுக்கும். பேசி, அவர்கள் கொடுக்கும் வேலையை முடித்து அடக்கலாம், டஸ்ட் என்ற அந்த கேமின் பணத்தைக் கொடுத்து வாங்கலாம், அடித்து நொறுக்கலாம். நொறுக்கினால் அந்தக் கிராமத்தை உங்கள் ஊரின் உற்பத்தியைச் செலவழித்துத் திரும்பக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் உற்பத்தி எவ்வளவு அரிது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். வேலை சுலபம் என்றால் பேச்சு, இல்லையென்றால் டஸ்ட் என்பதுதான் என் வழக்கம்.

அடக்கிய பிறகு இன்ஃப்ளுயன்ஸ் (செல்வாக்குப் புள்ளிகள்) கொடுத்து அந்த இனத்தை அசிமிலேட் செய்யலாம், அதாவது உங்கள் பேரரசோடு சேர்த்துக்கொள்ளலாம். அதன் போனஸ், உங்கள் பேரரசில் அந்த இனத்தின் கிராமங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதற்கேற்பப் பெருகும். எனவே ஒரே இனம் இரண்டு மூன்று பகுதிகளில் இருந்தால் அதையே எடுங்கள், தனியாக ஒரு கிராமம் மட்டும் உள்ள இனம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். கல்டிஸ்டுகள் என்ற ஃபேக்ஷனை ஆடினால் இது இன்னும் தீவிரமாகும். அவர்களுக்கு ஒரே ஒரு நகரம்தான், மீதி முழுவதும் மதம் மாற்றிய கிராமங்கள். எதிரி அந்தக் கிராமங்களைத் தேடித் தேடி எரிப்பான். எல்லாவற்றையும் காக்க முடியாது. படை கொடுக்கும் கிராமங்களில் எதிரியின் எல்லைக்கு எட்டாதவற்றை முதலில் மாற்றுங்கள், எட்டுபவை போனால் போகட்டும்.

கடைசியாக, வேசலை எப்போது விடுவது? வார்ஹேமரில் அது முழுக்கச் சுற்றி வளைக்கப்பட்டு, காப்பாற்றப் போனால் உங்கள் தலைநகர் காலியாகும் என்ற நிலை வந்தால், விட்டுவிடுங்கள். அது விழும் நேரத்தில் எதிரியின் படை அங்கே சிக்கியிருக்கும். நீங்கள் அவன் ஊரைப் பிடிக்கலாம். ஏஜ் ஆஃப் வொண்டர்ஸில் உறவு நன்றாக ஏறிய வேசலை இம்பீரியம் கொடுத்து முழுதாகச் சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு. நல்ல இடத்தில், நன்றாக வளர்ந்த ஊருக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். செய்வதற்கு முன் சிட்டி கேப்பில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஊரிலிருந்து ராலிக்கு வரும் படை இன்னும் தேவையா என்றும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.