லைப்ரரி காணவில்லை என்று கீகேட் சொன்னால்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

நேற்று வரை கீகேட் என்ற சர்க்யூட் போர்டு வடிவமைப்பு மென்பொருளில் ஒழுங்காகத் திறந்த புராஜெக்ட். இன்று வேறொரு கணினியில் திறந்தால் பிழைப் பட்டியலில் ஒரே புகார் முப்பது தடவை வந்து நிற்கிறது: இந்தப் பெயரில் லைப்ரரி எதுவும் இல்லை. சர்க்யூட் போர்டு வடிவமைக்கத் தொடங்கிய எல்லோரும் ஒரு நாள் இந்தத் திரையின் முன் திகைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். லைப்ரரி என்பது பாகங்களின் படங்களையும் வடிவங்களையும் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பு. லைப்ரரிகளின் பட்டியல் உங்கள் பயனர் கணக்கின் அமைப்புகள் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. மென்பொருளை நீக்கினாலும் அது பொதுவாக அழிவதில்லை. மறுபடி நிறுவினால் அதே பழைய பட்டியல், அதே பிழை. நான் பார்த்தவரை, இப்படித் தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் லைப்ரரி பெரும்பாலும் வட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தவறியிருப்பது அதன் முகவரி.

இங்கே எடுத்துக்கொள்வது கட்டற்ற மென்பொருளான கீகேட்டின் 8-ஆம் பதிப்பை. வேறு பதிப்பில் மெனுப் பெயர்கள் சற்று மாறலாம். தேடும் முறை மாறாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

சர்க்யூட் வரைபடத்தில் ஒரு ரெசிஸ்டரின் மேல் இரட்டைக் கிளிக் செய்து அதன் ஃபுட்பிரின்ட் (அந்தப் பாகம் போர்டில் பொருந்தும் இடத்தின் வடிவம்) புலத்தைப் பாருங்கள். 'ரெசிஸ்டர்_எஸ்எம்டி:ஆர்_0805_2012மெட்ரிக்' என்பது போல ஏதாவது இருக்கும். நடுவில் உள்ள முக்காற்புள்ளிதான் இங்கே முக்கியம். அதற்கு இடப்பக்கம் லைப்ரரியின் பெயர். வலப்பக்கம் அந்த லைப்ரரிக்குள் இருக்கும் ஃபுட்பிரின்டின் பெயர். லைப்ரரி வட்டில் எங்கே இருக்கிறது என்பது இதில் இல்லை. இடப்பக்கப் பெயரை எடுத்துக்கொண்டு மென்பொருள் தன் பட்டியலுக்குப் போகிறது. அங்கே அந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் ஃபோல்டர் முகவரியைப் பிடித்துக்கொண்டு வட்டுக்குப் போகிறது. பெயர், பட்டியல், முகவரி என்ற இந்த மூன்று கண்ணிகளில் எது அறுந்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே மாதிரியான புகார்தான்.

படி 1: காணாமல் போனது எது?

செய்தியை முழுதாகப் படியுங்கள். சிம்பலா (வரைபடத்தில் பாகத்தைக் குறிக்கும் படம்), ஃபுட்பிரின்டா, 3டி மாதிரியா? இவை மூன்றும் தனித்தனியாக இருப்பவை. சிம்பல் லைப்ரரி என்பது பல சிம்பல்களைக் கொண்ட ஒரே கோப்பு. 'கீகேட்_சிம்' என்று முடியும். ஃபுட்பிரின்ட் லைப்ரரி என்பது 'பிரெட்டி' என்று முடியும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு ஃபுட்பிரின்டும் ஒரு கோப்பு. 3டி மாதிரி இல்லையென்றால் போர்டின் முப்பரிமாணப் படத்தில் அந்தப் பாகம் தெரியாது, அவ்வளவுதான். தயாரிப்புக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

செய்தியில் வரும் லைப்ரரிப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பட்டியலைத் திறந்து பாருங்கள்

'பிரிஃபரன்சஸ்' மெனுவில் 'மேனேஜ் சிம்பல் லைப்ரரிஸ்', 'மேனேஜ் ஃபுட்பிரின்ட் லைப்ரரிஸ்' என்று இரண்டு இருக்கும். உங்களுக்கு வேண்டியதைத் திறந்தால் இரண்டு பட்டியல்கள் தெரியும். ஒன்று எல்லாப் புராஜெக்டுகளுக்கும் பொதுவானது. மற்றது இந்தப் புராஜெக்டுக்கு மட்டும் உரியது. குறித்துவைத்த பெயரை இரண்டிலும் தேடுங்கள்.

பொதுப் பட்டியல் முழுவதும் காலியாக இருக்கிறதா? மென்பொருளை முதன்முதலாகத் திறந்தபோது கேட்ட கேள்விக்கு, வெறும் பட்டியல் போதும் என்று பதில் சொல்லியிருப்பீர்கள். மென்பொருளை மூடுங்கள். அமைப்புகள் ஃபோல்டருக்குள் 'சிம்-லிப்-டேபிள்' என்ற கோப்பு இருக்கும், ஃபுட்பிரின்டுக்கு 'எஃப்பி-லிப்-டேபிள்'. அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால் அந்தக் கேள்வி மறுபடி வரும். இந்த முறை இயல்புப் பட்டியலை நகலெடுக்கச் சொல்லும் முதல் விடையைத் தேர்ந்தெடுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சிம்பல்களும் ஃபுட்பிரின்டுகளும் 3டி மாதிரிகளும் தனித்தனித் தொகுப்புகளாக வருகின்றன. மென்பொருளை மட்டும் நிறுவிவிட்டு அவற்றை விட்டிருந்தால், முதலில் அவற்றை நிறுவ வேண்டும்.

பெயர் இருக்கிறது, ஆனால் வரியின் தொடக்கத்திலுள்ள கட்டத்தில் டிக் இல்லையா? டிக் செய்யுங்கள், முடிந்தது.

பெயரும் டிக்கும் இருந்தும் பிழை வருகிறதா? முகவரியைப் பாருங்கள். டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு ஒரு சொல்லுடன் தொடங்கினால் அது ஒரு மாறி; உண்மையான ஃபோல்டருக்குப் பதிலாக நிற்கும் பெயர். அதே சன்னலின் அடிப்பகுதியில் எந்த மாறி எந்த ஃபோல்டரைக் குறிக்கிறது என்ற சிறு அட்டவணை இருக்கிறது. உங்கள் மாறி அதில் இல்லையென்றால், புராஜெக்டைத் தந்தவர் தம் கணினியில் சொந்தமாக ஒரு மாறியை வைத்திருந்தார் என்று பொருள். 'பிரிஃபரன்சஸ்' மெனுவின் 'கான்ஃபிகர் பாத்ஸ்' பகுதியில் அதே பெயரில் மாறியை உருவாக்கி, உங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். முகவரி நேரடியாக ஒரு டிரைவ் எழுத்திலோ, யாரோ ஒருவரின் பயனர் பெயரிலோ தொடங்கினால், அது அவர் கணினிக்கு மட்டுமே பொருந்தும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

படி 3: பட்டியலில் பெயரே இல்லையென்றால்

கோப்பு கையில் இருந்தால் ஃபோல்டர் படம் போட்ட பட்டனை அழுத்திச் சேர்க்கலாம். பதிவிறக்கியது ஜிப் கோப்பு என்றால் முதலில் பிரித்துவிடுங்கள். ஃபுட்பிரின்டுக்கு 'பிரெட்டி' என்று முடியும் ஃபோல்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும்; உள்ளே போய் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சேர்த்ததும் கோப்பின் பெயரே லைப்ரரியின் பெயராகப் பதிவாகும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஒரு சென்சாருக்கான லைப்ரரியை இரண்டாம் தடவை பதிவிறக்கியபோது கோப்பின் பெயரோடு '(1)' என்று ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அதைச் சேர்த்தேன், பட்டியலில் அழகாகத் தெரிந்தது, பிழை மட்டும் போகவில்லை. வரைபடம் தேடியது '(1)' இல்லாத பெயரை. ஒரு மணி நேரம் வட்டெல்லாம் தேடிய பிறகுதான் அந்த மூன்று எழுத்துகள் கண்ணில் பட்டன. பட்டியலில் பெயர்க் கட்டத்தைக் கிளிக் செய்து, படி 1-இல் குறித்த பெயரை அப்படியே இடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடிக்கோடு எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

கோப்பு 'லிப்' என்று முடிகிறதா? அது 2021 டிசம்பரில் 6-ஆம் பதிப்பு வருவதற்கு முந்தைய வடிவம். படிக்க முடியும், திருத்த முடியாது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'மைக்ரேட் லைப்ரரிஸ்' பட்டனை அழுத்தினால் புதிய வடிவத்துக்கு மாறிவிடும்.

படி 4: கோப்பு உண்மையிலேயே போய்விட்டது

அப்போதும் பதற வேண்டாம். 6-ஆம் பதிப்பிலிருந்து வரைபடக் கோப்புக்குள்ளேயே சிம்பல்களின் நகல் சேமிக்கப்படுகிறது. போர்டு கோப்புக்குள் ஃபுட்பிரின்டுகளின் நகல் இருக்கிறது. 'ஃபைல்' மெனுவின் 'எக்ஸ்போர்ட்' பகுதியிலிருந்து அவற்றைப் புதிய லைப்ரரியாக வெளியே எடுத்து, பழைய பெயரிலேயே பட்டியலில் சேர்த்துவிடலாம்.

நகலும் இல்லாமல் இணையத்திலிருந்து எடுப்பதானால், பாகத்தைத் தயாரித்த நிறுவனம் தரும் தரவுத்தாளை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பின்னையும் சரிபாருங்கள். எஸ்ஓஐசி-16 என்பது 16 பின்கள் கொண்ட ஒரு சிப் உறை வகை. அந்த ஒரே பெயரில் 3.9 மி.மீ. அகல உடலும் உண்டு, 7.5 மி.மீ. அகல உடலும் உண்டு. பின்களுக்கு இடையே உள்ள தொலைவு இரண்டிலும் 1.27 மி.மீ. என்பதால் திரையில் பார்த்து ஏமாறுவது எளிது. தவறான லைப்ரரி, இல்லாத லைப்ரரியைவிட ஆபத்தானது. இல்லாததைத் திரையே சொல்லிவிடும். தவறானதைப் போர்டு கைக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிப்போம்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

வரைபடத்தில் மின்விதிச் சோதனையை (ஈஆர்சி) ஓட்டுங்கள். பிறகு எஃப்8 விசையை அழுத்தி வரைபடத்தைப் போர்டுக்குக் கொண்டுபோகும் சன்னலைத் திறந்தால், கிடைக்காத ஃபுட்பிரின்டுகள் சிவப்பில் வரிசையாக வரும். ஒன்றும் வரவில்லையென்றால் சரியாகிவிட்டது.

படி 6: மறுபடி வராமல் இருக்க

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் லைப்ரரிகளுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து, வெளியிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் அதில் போடுங்கள். புராஜெக்டுக்குரிய பட்டியலில் சேர்க்கும்போது கே-ஐ-பி-ஆர்-ஜே-எம்-ஓ-டி என்ற எட்டு எழுத்து மாறியில் முகவரி தொடங்கட்டும். திறந்திருக்கும் புராஜெக்டின் ஃபோல்டர் எதுவோ அதையே இந்த மாறி குறிக்கும். எந்தக் கணினிக்குக் கொண்டுபோனாலும் முகவரி கூடவே வரும்.

யாருக்காவது அனுப்பும் முன், முழு ஃபோல்டரையும் வேறொரு கணினியிலோ வேறொரு பயனர் கணக்கிலோ நகலெடுத்துத் திறந்து, மின்விதிச் சோதனையையும் எஃப்8-ஐயும் மறுபடி ஓட்டுங்கள். அங்கே ஒரு புகார் வந்தாலும், பட்டியலில் ஏதோ ஒரு வரி இன்னும் உங்கள் கணினியையே சுட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரியைத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.