இரவுப் பந்தயப் படங்கள்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

சிங்கப்பூர் மரினா பே தெருக்களில் ஃபார்முலா ஒன் கார்களை முதன்முதலாகப் படமெடுத்துவிட்டு அறைக்குத் திரும்பிய இரவு, 1,400 படங்களில் தேறியவை ஒன்பது. அதிலும் இரண்டில் பாதிக் கார்தான் இருந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பகல் பந்தயங்களை ஓரளவு நன்றாகவே எடுத்துப் பழகிய கைதான். இரவு என்றதும் 'ஐயோ, இருட்டாயிற்றே' என்று ஒரு பதற்றம் வந்தது பாருங்கள், மற்ற தவறுகள் எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி வந்தன.

உண்மையில் அங்கே அவ்வளவு இருட்டு இல்லை. ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம் 2008-ல் நடந்தது இந்தத் தெருக்களில்தான். தொலைக்காட்சிக்காகவே ட்ராக்கின் மேல் சுமார் 3,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியைக் கொட்டுகிறார்கள். நாம் வேலை பார்க்கும் அலுவலகத்தில் 500 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம். உச்சி வெயில் என்பது ஒரு லட்சம் லக்ஸ். ஆக, மரினா பே இரவு உச்சி வெயிலைவிட ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் குறைவு. ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது. வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 வைத்து எடுப்பவர் இரவில் ஐஎஸ்ஓவை மட்டும் 3200 ஆக்கினால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். நான் என்ன செய்தேன்? ஐஎஸ்ஓ 12,800, ஷட்டர் 1/4000. கார் ஆடாமல் அசையாமல் நின்றது. படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள், சக்கரங்களும் சுழலாமல் உறைந்து கிடந்தன. ஷோரூமில் நிறுத்தி வைத்த கார் போல.

இன்னொரு பெரிய தவறு, கேமராவை ஆட்டோவில் விடுவது. இரவுப் படத்தில் பாதி கறுப்பு வானம். அதைப் பார்த்துக் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைக் கார் வெளிறிப்போகும். அடுத்த நொடி பளீரென்ற விளம்பரப் பலகை சட்டகத்துக்குள் வந்தால் எல்லாம் கறுத்துவிடும். மேகம் வரும் போகும் பகலில் ஆட்டோ உதவுவதுண்டு. மின்விளக்கு ட்ராக்கில் ஒரே வளைவில் நின்று எடுக்கும்போது முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒளி மாறப்போவதே இல்லை. பயிற்சிச் சுற்றுகளின்போதே மேனுவலில் ஓர் அளவைக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் அப்புறம் காரை மட்டும் கவனிக்கலாம். வெள்ளைச் சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அமைப்பு) இப்படித்தான், ஒரு கெல்வின் எண்ணில் நிறுத்திவிடுங்கள்.

ஷட்டர் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 50 மீட்டர் நகர்கிறது. 1/1000 நொடியில் 5 செ.மீ., 1/125-ல் 40 செ.மீ., 1/50-ல் முழுதாக ஒரு மீட்டர். கேமராவை அசைக்காமல் பிடித்து 1/125-ல் எடுத்தால் கார் கோடாகத்தான் தெரியும். காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால், அதாவது பேனிங் செய்தால், கார் தெளிவாக நிற்கும், பின்னால் இருக்கும் விளக்குகள் மட்டும் கோடாக இழுபடும். இரவில் பேனிங் அழகாக இருப்பதே அதனால்தான். பகலில் இழுபடுவது வேலியும் புல்லும், இங்கே வண்ண விளக்குகள்.

ஆனால் எடுத்த எடுப்பில் 1/30-க்குப் போய்விடாதீர்கள். 1/250-ல் தொடங்கி, பத்தில் ஆறு தேறுகிறது என்றானதும் 1/125-க்கு இறங்குங்கள், அப்புறம் 1/60. கார் நேர் எதிரே வருவதற்கு முன்பே தொடரத் தொடங்க வேண்டும்; ஷட்டரை அழுத்திய பிறகும் இடுப்பு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். 'க்ளிக்' சத்தம் கேட்டதும் கை தானாக நிற்பதுதான் எல்லோருக்கும் வரும் வியாதி. லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால், பேனிங்குக்கான நிலையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில லென்ஸ்களில் சாதாரண நிலை உங்கள் திருப்பலையே நடுக்கம் என்று நினைத்து எதிர்த்து இழுக்கும்.

சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து நானும் பயந்திருக்கிறேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் ஊர்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. எல்இடி விளம்பரப் பலகைகளின் துடிப்பு வேறு கணக்கு. சத்தமில்லாமல் எடுக்கிறோம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்தால் பல கேமராக்களில் இந்தப் பட்டை அதிகமாகும், சக்கரங்களும் சாய்ந்து முட்டை போலாகும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் தடுப்பு இருந்தால் போடுங்கள். பேனிங்கில் 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே அடங்கிவிடும், 50 ஹெர்ட்ஸ் விளக்குகளின் தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஃபோகஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று: முகப்பு விளக்கு உள்ள பந்தயக் கார்களில் அந்த விளக்கைக் குறிவைக்காதீர்கள். ஒளிப்பந்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஃபோகஸ் அலைபாயும். பக்கவாட்டில் உள்ள ஸ்பான்சர் எழுத்து, கார் எண், ஓட்டுநரின் ஹெல்மெட் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள்.

கம்பி வேலி தனித் தலைவலி. பகலில் வேலியோடு லென்ஸை ஒட்டி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால் கம்பி கரைந்துவிடும். இரவில் அதே கம்பி மேல் ஃப்ளட்லைட் விழுந்தால் அது மின்னும், படம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்தது போலாகும். கம்பியில் நிழல் விழும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்தது போன்ற தெருப் பந்தயங்களில் வேலி இல்லாத இடம் கிடைப்பது அபூர்வம். காசைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு உயரமான ஸ்டாண்டில் டிக்கெட் எடுப்பது, புது லென்ஸ் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம் என்பேன்.

ஃப்ளாஷ் போடவே கூடாது. தூரத்தில் போகும் காருக்கு அது எட்டாது, ஓட்டுநரின் கண்ணைக் கூசினால் ஆபத்து. ஃபோனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் வேலை, அதற்குள் கார் அடுத்த வளைவுக்குப் போயிருக்கும்.

என்னை மிகவும் வருத்திய தவறு வேறு. ஏசி ரயிலிலிருந்து இறங்கி நேராக ஸ்டாண்டுக்குப் போய்க் கேமராவை வெளியே எடுத்தேன். சிங்கப்பூரின் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடியது. அது தெளிவதற்குள் அந்தி போய்விட்டது. மரினா பேயில் செப்டம்பர், அக்டோபரில் ஏழு மணி வாக்கில் சூரியன் மறையும். அதன்பின் வானம் அடர்நீலமாக இருப்பது இருபது நிமிடம்தான், நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தி சட்டென்று முடிந்துவிடும். பந்தயமே எட்டு மணிக்கு என்பதால் பலர் அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ட்ராக்கில் கார்கள் ஓடினால் அந்த நீலம் அகப்படலாம். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துப் பழக்குங்கள், பையைத் திறக்காமல்.

எல்லா இரவுப் பந்தயமும் இப்படி வெளிச்சத்தில் குளிப்பதில்லை. பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பாதை 13 கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஒரு பகுதி ஊர்ச் சாலை, அங்கே ஃப்ளட்லைட் கிடையாது. அங்கே போய் 1/500 வைப்பேன் என்று அடம்பிடித்தால் வெறுங்கறுப்புதான் மிஞ்சும். கேமராவைச் சுவரிலோ பை மேலோ ஊன்றி, எட்டு, பத்து நொடி திறந்து வையுங்கள், விளக்குக் கோடுகளே படமாகும். நீண்ட நேர்ச்சாலை முடியும் இடத்தில் பிரேக் தட்டுகள் சிவப்பாகக் கனல்வதும் அங்கே நன்றாகத் தெரியும். ஃபார்முலா ஒன்னில் 2022-ல் சக்கரங்களுக்கு மூடி வந்தபோது அந்தக் காட்சி அரிதாகிப்போனது. பதிலுக்கு, காரின் அடியில் உள்ள உலோகத் தகடுகள் தரையில் உரசித் தெறிக்கும் பொறிகள் இருக்கின்றன. 1/2000-ல் அவை வெறும் புள்ளிகள், 1/125-ல் வால் நீண்ட மத்தாப்பு.

அப்புறம் மழை. 2022-ல் சிங்கப்பூரில் மழையால் பந்தயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் தொடங்கியது. மழை என்றதும் கேமராவைப் பைக்குள் வைத்துக் கிளம்பாதீர்கள். ஈரத் தார்ச்சாலையில் ஒவ்வொரு விளக்கும் இரண்டாகும். எதிரே விளக்கு இருக்கும் பக்கமாக நின்றால், சக்கரம் கிளப்பும் நீர்த்திவலை முழுக்க ஒளி ஏறும். கேமரா நனையாமல் இருக்கப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். ஓட்டல் குளியலறையில் தலைக்குப் போட வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொப்பி கேமராவின் உடம்புக்கு அளவெடுத்தது போல் இருக்கும். நான் இப்போதெல்லாம் இரண்டு எடுத்துப் போகிறேன்.