மான்கொம்புப் பெரணி: பலகையில் கட்டி வளர்க்கும் முறை

நர்சரியில் ஸ்டாக்ஹார்ன் என்று கேட்டால் தருவார்கள். கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் மரத்தைப் பற்றி வாழும் செடி இது. தொட்டி மண்ணில் நட்டால் அடி அழுகும். பலகையில் கட்டுவதே நல்லது.

ஒரு அடி சதுரத் தேக்கு அல்லது பலாப் பலகை போதும். பிளைவுட் ஊறி உப்பிவிடும். பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, தினமும் நீரை மாற்றி மூன்று நாள் ஊறவையுங்கள். உப்பும் துவர்ப்பும் இறங்கும். அதைப் பலகையில் குவித்து, வேர்க்கட்டியை மேலே வைத்து, மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். நடுவில் துளிர்க்கும் மொட்டின் மேல் நரம்பு படக் கூடாது. செம்புக் கம்பி இந்தச் செடிக்கு ஆகாது.

அடியில் பலகையோடு ஒட்டிப் படரும் வட்ட இலை காலப்போக்கில் பழுப்பாகிக் காயும். அழுக்கென்று பலர் பிய்த்துவிடுகிறார்கள். பாவம், செடியின் போர்வையே அதுதான். வேரை மூடுவதும் நீரைப் பிடித்துவைப்பதும் அந்தக் காய்ந்த இலைதான். மான்கொம்பு போலக் கிளைத்து நீளும் இலைதான் கொம்பு; அதன் நுனிகளின் அடியில் பழுப்பாகப் படர்வது வித்துத்தூள், நோயல்ல. இலை மேலுள்ள வெண்ணிற மென்மயிரையும் துடைக்காதீர்கள், ஈரம் ஆவியாவதைக் குறைப்பது அது.

தண்ணீரில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நாள் கணக்கை நம்பாமல் பலகையைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் வாளி நீரில் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி, நன்றாக வடியவிட்டு மாட்டுங்கள். பொதுவாக வாரம் ஒருமுறை வரும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது வாரம் இருமுறை தேவைப்படலாம். தென்மேற்குப் பருவமழையில் பத்து நாள்கூடப் பொறுக்கும். கொம்பின் அடிப்பகுதி கறுத்தால் நீர் அதிகம். நுனி காய்ந்து இலை தொய்ந்தால் நீர் போதவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

கிழக்கு ஜன்னலோரம் அல்லது காலை வெயில் மட்டும் படும் திண்ணைச் சுவர் பொருத்தம். உச்சி வெயில் இலையைக் கருக்கும். உரம் குறைவாகப் போதும்: மாதம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்த நீரில் அமிழ்த்தலாம். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

செதில் பூச்சி வந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாக எடுங்கள். செடி முழுக்க எண்ணெய் மருந்து தெளித்தால் மென்மயிர் ஒட்டிப்போகும்.